கரடி மேட்டில் மூச்சிரைக்கும் கறுப்பி

சூசைமுத்துவின் கார் சண்டைக்கு முந்திய கார். எந்தச் சண்டைக்கு என்று மட்டும் மூங்கிலாற்றுத் தோட்டத்தில் யாரையும் கேட்டுவிடக் கூடாது. ஜப்பான்காரன் வந்த சண்டை என்பார்கள் சிலர். அதற்கும் முந்தின ஜெர்மன்காரன் சண்டை என்பார்கள் வேறு சிலர். ரப்பர் ஆலையில் இயந்திரம் பார்க்கும் இருசப்பனைக் கேட்டால், குருச்சேத்திரத்தில் கண்ணபிரான் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் விழ மாட்டேங்குது, எனக்குக் குதிரையே போதும்" என்று இறங்கிப் போன வண்டி அது என்பான்.

கறுப்பி என்று அதற்குப் பெயர். இடது பக்கக் கதவைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும். ஹாரனை அழுத்தினால் தோட்டத்து வாத்துகள் அத்தனையும் பதில் சொல்லும். மழை வந்தால் வெளியில் நனைவதைவிட உள்ளே கொஞ்சம் கூடுதலாக நனையலாம். ஆனாலும் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த அத்தனை குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம், கருமாதி எல்லாம் கறுப்பியை நம்பித்தான். மூங்கிலாற்றுப் பிள்ளைகளில் பாதி அதன் பின் சீட்டில் பிறந்தவை என்பான் சூசைமுத்து. மீதிப் பாதி அது குலுக்கிய குலுக்கலில் முன்னதாகவே பிறந்தவை.

மலாயாவில் அவசர காலம் நடந்துகொண்டிருந்தது. வேலிக் கதவு விடியலில் திறக்கும், பொழுது சாய்ந்தால் பூட்டும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் மடியில் ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். கேட்டில் போலீஸ்காரர்கள் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். காளியம்மாவின் கொண்டைக்குள் பன் ரொட்டி இருக்கிறதா என்று ஒருநாள் குத்திப் பார்த்தார்கள். கொண்டை அத்தனை பெரிது. அதிலிருந்து அவள் கொண்டை போடுவதையே விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்ட காலத்தில்தான் கறுப்பிக்கு அந்தச் சீக்கு வந்தது.

சமதரையில் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கோலா சிலாங்கூர் பட்டணத்துக்குப் போகிற செம்மண் சாலையில் கரடி மேடு என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. அங்கே கரடியை யாரும் பார்த்ததில்லை. வலது பக்கம் ரப்பர், இடது பக்கம் புதர் மண்டி அடர்ந்த பெலுக்கார் காடு. அந்த ஏற்றத்தின் பாதியில் கறுப்பி முதலில் ஒரு செருமல் செருமும். பிறகு இரண்டு விக்கல். சூசைமுத்து காலைப் பலகையோடு பலகையாக அழுத்துவான். வேகம் கூடாது, குறையும். சாலையோரம் மேய்கிற கோழி காரைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்கும். அப்புறம் கறுப்பி ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும். பின்னுக்கு உருட்டிச் சமதரைக்குக் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

தினமும் இப்படி என்றாலாவது ஒரு கணக்கு இருக்கும். அதுவும் இல்லை. ஒருநாள் நிற்கும். நாலு நாள் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும். மறுபடி ஒருநாள் நிற்கும்.

நிற்கிற இடம்தான் வம்பு. கொஞ்ச நாளைக்கு முன்னால் தோட்டத்து லோரியை அங்கேதான் சுட்டார்கள். லோரி ஓட்டிய செல்லன் தொடையில் குண்டோடு வந்து சேர்ந்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தன் திரும்பத் திரும்பக் காரை நிறுத்தி மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றால், போலீஸ் என்ன நினைக்கும்? காட்டுக்குள் இருக்கிறவனுக்கு அரிசி போடுகிறான் என்றுதான் நினைக்கும்.

கேட்டுக் காவல் கொட்டகைக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் மேசைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மலாய் பேசினார். அது அவருக்கும் புரியவில்லை, மலாய்க்காரர்களுக்கும் புரியவில்லை. ஸ்பெசல் கான்ஸ்டபிள் அர்ஜுனன் பக்கத்தில் நின்று தமிழாக்கிச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் பேசினார். மேசையைத் தட்டினார். ஜன்னலைக் காட்டினார். வரைபடத்தைக் காட்டினார். மூச்சு வாங்கினார்.

"நின்னா உள்ள போடுவாராம்ணே," என்றான் அர்ஜுனன்.

"அவ்ளோ நேரம் பேசுனாரு?"

"மீதி எல்லாம் திட்டுலா. நாளைக்குக் காலைல அவரே ஒங்க கார்ல கோலா சிலாங்கூர் வர்றாரு. மேட்ட ஏறிட்டா நீங்க யோக்கியன். நின்னுச்சு, அப்படியே தடுப்புக் காவல். கேசும் இல்ல, கோர்ட்டும் இல்ல. எத்தன வருசம்னு அவருக்கே தெரியாதாம்."

சூசைமுத்து அர்ஜுனன் பக்கம் திரும்பினான். "காருக்குச் சீக்கு வந்தா மனுசன உள்ள போடறதா தம்பி?"

"கார உள்ள போட முடியாதுல்லண்ணே. கேட்டு சின்னது."

மத்தியானத்திலிருந்து சூசைமுத்து உட்காரவில்லை. லயத்து வீட்டுக்கும் கார்க் கொட்டகைக்கும் நடந்தான். கொட்டகையிலிருந்து குழாயடிக்கு நடந்தான். குழாயடியில் கை கழுவினான். கழுவின கையோடு திரும்பி வந்து கறுப்பியின் மூடியைத் திறந்தான், பார்த்தான், மூடினான். மறுபடி திறந்தான். அவன் நடந்த நடையில் கொட்டகை வாசலில் ஒரு சாண் பள்ளம் விழுந்து அதில் மழைத் தண்ணீர் தேங்கியது.

ஆலைச் சங்கு ஊதியதும் இருசப்பன் வந்தான். உடம்பெல்லாம் புகைக்கூட்டு வாசனை. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, இந்தப் பக்கம் சூசைமுத்து வீடு. இருசப்பன் பெண்டாட்டி லெட்சுமி சூசைமுத்துவை அண்ணன் என்று கூப்பிட, இருசப்பன் மச்சானாகிவிட்டான்.

"எல்லாம் கரண்டு கோளாறு மச்சான்," என்றான் வந்ததும் வராததுமாக. இருசப்பனுக்குத் தலைவலி வந்தாலும் கரண்டு கோளாறுதான்.

"போன தடவையும் கரண்டுன்னுதான் சொன்ன. பிளக்கு நாலும் மாத்தியாச்சு. கொய்லு மாத்தியாச்சு. பாயிண்டத் தேய்ச்சு தேய்ச்சு சவர பிளேடு மாரி ஆயிடுச்சு."

"வயரு மாத்தல."

"வயரு பூராவும் நீதான மாத்துன?"

"நானா? அப்ப சரி, வயருல கோளாறு இருக்காது."

கழற்றினார்கள். பொருத்தினார்கள். பெட்ரோல் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பார்த்தார்கள். அடைக்கவில்லை. காற்று வடிகட்டியைத் தட்டினார்கள். அதிலிருந்து விழுந்த மண்ணில் கீரை போடலாம். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார்கள். இருசப்பன் ஊதிய ஊதலில் அவன் கன்னம் இரண்டும் அன்றைக்கு ராத்திரி வரை வீங்கியே இருந்தன.

பெட்ரோல் பம்புக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் தொங்குகிறது. பெட்ரோலில் வருகிற கசடு அதில்தான் தங்கும். அது கள்ளுக்கடைக் கிளாஸ் மாதிரி மங்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாதபடி இருந்தது. சூசைமுத்து அதில் கைவைத்தான்.

"தொடாத," என்றான் இருசப்பன். "உள்ள கார்க் வாசர் இருக்கு. எங்க தாத்தன் காலத்து வாசர். தொட்டா பொடியாப் போயிரும். வேற வேணும்னா கோலாலம்பூரு போவணும். கோலாலம்பூரு போறதுக்குக் காரு வேணும்."

சூசைமுத்து கையை எடுத்துக்கொண்டான்.

சூசைமுத்துவின் பெண்டாட்டி மாடில்டா, அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிக் கருவாடு போட்ட ஈக்கான் பிலிஸ் சம்பாலும் கொண்டுவந்து வைத்தாள். கைக்குழந்தை மவுரீன் இடுப்பில் தூங்கியது. சூசைமுத்து நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்தான், வாயில் போடவில்லை.

"ஒக்காந்து சாப்பிடுங்களேன்."

"ஒக்காந்தா எந்திரிக்க மறந்துருவேன்."

"நாளைக்கு ஏறிருமா?"

"அத இந்தச் சனியன்கிட்டக் கேளு."

மாடில்டா காரைத் திட்டுவதைச் சகிக்க மாட்டாள். மாதா படத்துக்குப் பக்கத்திலுள்ள போத்தலிலிருந்து தீர்த்தம் எடுத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கறுப்பியின் நெற்றியில் தொட்டுவைத்துத்தான் அனுப்புவாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமையில் மாதா கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம். இப்போதும் போகிற போக்கில் மூடியின்மேல் சிலுவை போட்டுவிட்டுப் போனாள்.

இருசப்பன் கிழங்கைக் குதப்பிக்கொண்டே யோசித்தான். "மச்சான், என்னிக்கு என்னிக்கு நின்னுச்சு? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"செல்லனச் சுட்ட மறுநா மொதத் தடவ. அப்புறம் பாலத்துல வெடி வெச்சாங்களே, அதுக்கு மறுநா. கோலா குபு பாரு பக்கம் பஸ்ஸக் கொளுத்துனாங்கன்னு சேதி வந்துச்சே, அன்னைக்கு. கடைசியா, நம்மள வேல வாங்கற மண்டோரக் காட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்கன்னு பொய்யாக் கெளப்பிவிட்டானுங்களே, அன்னைக்கு."

"மண்டோரு கள்ளுக்கடைல கெடந்தாரு."

"அவரு எங்க கெடந்தா என்ன, காரு நின்னுச்சு."

இருசப்பன் விரலை நக்கினான். "அப்ப வெசயம் தெரிஞ்சு போச்சு. ஒன் காரு பேப்பர் படிக்குது."

"வெளையாடாத."

"ஆமாலா. கெட்ட சேதி வந்தா அதுக்குப் பயம். பயந்த மாடு மேட்டுல ஏறுமா?"

சூசைமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு காதுக்குள் விழுந்த எறும்பு மாதிரி ராத்திரியெல்லாம் குடைந்தது.

விடிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. சூசைமுத்து சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடியும் மாற்றியே போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது மாடில்டா காரின் பின்பக்கம் நின்றாள். முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி, பெட்ரோல் மூடியைத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க என்ன பண்ற?"

"தொர ஏறுற காரு பாருங்க. பளிச்சுனு இருக்க வேணாமா?"

பெட்ரோல் மூடியை எந்தத் துரை பார்க்கப் போகிறார் என்று கேட்க அவனுக்கு நேரமில்லை. கேட்டில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் முன் சீட்டில், மடியில் துப்பாக்கியோடு. ஸ்பிரிங் அவரைக் குத்தியது, அவர் நகர்ந்தார், இன்னொரு ஸ்பிரிங் குத்தியது. பின் சீட்டில் அர்ஜுனன். சமதரையில் கறுப்பி பஞ்சுமூட்டை மாதிரி போயிற்று. சூசைமுத்துவின் வலது காலுக்குக் கீழே இன்ஜின் பூனைபோல் உறுமியது. அருள் நிறைந்த மரியாயே என்று தொடங்கினான். பாதியில் மறந்துபோய் மறுபடி தொடங்கினான். கரடி மேடு வருகிறவரைக்கும் ஒரு மந்திரத்தையும் அவனால் முடிக்க முடியவில்லை.

மேடு வந்தது. கறுப்பி ஏறியது. கால்வாசி, முக்கால்வாசி கூட வந்துவிடும் போலிருந்தது. சூசைமுத்து மூச்சுவிடப் போனான்.

கறுப்பி செருமியது.

"வேணாம்மா," என்றான் சூசைமுத்து.

இரண்டு விக்கல். ஒரு பெருமூச்சு. நின்றுவிட்டது. எங்கேயோ ஒரு காட்டுக்கோழி மட்டும் கூவியது.

 இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைக் காட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு சூசைமுத்துவைப் பார்த்தார். அதைவிட அவர் காட்டையே பார்த்திருக்கலாம்.

"அண்ணே," என்றான் அர்ஜுனன், குரல் இறங்கி. "எறங்கி என்னமாச்சும் செய்யுங்க. ரோட்ட விட்டுக் கால எடுத்து வெச்சிராதீங்க. எடுத்து வெச்சா சுடச் சொல்லி உத்தரவு."

சூசைமுத்து மூடியைத் திறந்தான். பிளக்கு புதுசு. கொய்ல் புதுசு. கரண்டு துள்ளுகிறது. இனிமேல் பார்க்காதது ஒன்றுதான் மிச்சம். வாசராவது வெங்காயமாவது, போகிற இடத்தில் வாசர் எதற்கு என்று கண்ணாடிக் கிண்ணத்தின் திருகைத் திருகினான். கிண்ணம் கைக்கு வந்தது. இருசப்பன் தாத்தா காலத்து வாசர் அலுங்காமல் குலுங்காமல் அப்படியே இருந்தது.

கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். மேலே கொஞ்சம் பெட்ரோல். கீழே முக்கால் கிண்ணம் வேறொன்று. லேசான மஞ்சள். உருண்டு உருண்டு அசைந்தது. தண்ணீர்.

இங்கே எப்படித் தண்ணீர் வரும்? ஆள்காட்டி விரலை விட்டு நாக்கில் வைத்தான்.

உப்புக் கரித்தது.

மழைத் தண்ணீர் உப்புக் கரிக்காது. ஆற்றுத் தண்ணீர் கரிக்காது. உப்புப் போட்டு மந்திரிக்கிற தண்ணீர் உலகத்தில் ஒன்றுதான். அவன் கேட்காமலே அவன் கை நெற்றிக்குப் போயிற்று, மார்புக்கு வந்தது, இரண்டு தோளையும் தொட்டது. கெட்ட சேதி வந்த நாள் ஒவ்வொன்றும் வரிசையாக அவன் கண்முன்னால் வந்து நின்றது. ஒவ்வொரு நாளுக்குப் பின்னாலும் முந்தானைக்குள் போத்தலோடு மாடில்டா நின்றாள்.

தொட்டியில் கிடந்தவரை அது அடியிலேயே கிடந்திருக்கிறது. மேட்டில் கார் தூக்கிக்கொள்ளவும், பின்பக்கம் வழிந்து, குழாய் உறிஞ்சுகிற இடத்துக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான் சீக்கு.

"என்னவாம்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தண்ணி தொர. மழைத் தண்ணி எறங்கிருச்சு," என்றான் சூசைமுத்து. மாடில்டாவின் பெயர் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

"கொட்டச் சொல்லு," என்றார் இன்ஸ்பெக்டர்.

சூசைமுத்து கிண்ணத்தைச் சாய்க்கப் போனான். கை நின்றது. மந்திரித்த தண்ணீரை மிதிபடுகிற இடத்தில் கொட்டக் கூடாது. செடி வேரில் ஊற்றலாம், மரத்தடியில் ஊற்றலாம். செடி இருக்கிறது, மரம் இருக்கிறது, எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கால் வைத்தால் சுடுவார்கள். இங்கே கீழே மாட்டுச் சாணியும் லோரித் தடமும். கிண்ணத்தை வைத்துக்கொண்டு இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். அவன் பார்ப்பதைப் பார்த்து இன்ஸ்பெக்டரும் துப்பாக்கியோடு இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்தார்.

"யாருக்கு சைகை காட்டறான்?" என்றார்.

"அண்ணே, கொட்டித் தொலைங்க," என்றான் அர்ஜுனன்.

இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. சூசைமுத்து கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தை வாயில் கவிழ்த்தான். இரண்டு மடக்கு. தண்ணீர், உப்பு, பெட்ரோல் எல்லாம் ஒன்றாக இறங்கியது. காது வழியாக ஆவி வந்ததாக அர்ஜுனன் பிற்பாடு சத்தியம் செய்தான்.



"என்ன செஞ்சான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தண்ணியான்னு ருசி பாத்தான் தொர," என்றான் அர்ஜுனன்.

"எல்லாத்தையுமா?"

சூசைமுத்து கிண்ணத்தை மாட்டினான், காரைப் பின்னுக்கு உருட்டினான், கைப்பிடியைச் சுற்றினான். கறுப்பி இரண்டு தும்மல் போட்டுக் கிளம்பியது. மேட்டில் ஏறியது, ஒரு விக்கல் இல்லை. விக்கல் இப்போது சூசைமுத்துவுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் பெட்ரோல் வாடை காரை நிறைத்தது. இன்ஸ்பெக்டர் பரிதாபப்பட்டு அவனுக்கு ஒரு சிகரெட் நீட்டி, தீக்குச்சியை உரசப் போனார். அர்ஜுனன் பின் சீட்டிலிருந்து பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். போலீஸ் உத்தியோகத்தில் ஒரு கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்ததும், இன்ஸ்பெக்டர் அதற்கு நன்றி சொன்னதும் அன்றைக்குத்தான்.

கோலா சிலாங்கூரில் இறங்கி இன்ஸ்பெக்டர் நீளமாகப் பேசினார்.

"வீட்டுக்குப் போலாமாம்ணே," என்றான் அர்ஜுனன். "காட்டுல உள்ளவன் இவ்ளோ முட்டாள நம்பி அரிசிக்குக் காத்திருக்க மாட்டானாம்."

சூசைமுத்து அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் கறுப்பியின் ஹாரனும் வாத்துகளின் பதிலும் கேட்டு லயமே கேட்டுக்கு ஓடி வந்தது. மாடில்டா மட்டும் கொட்டகையில் நின்றாள். 

"நின்னுச்சா?"

"நின்னுச்சு." ஏப்பம் வந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எவ்ளோ ஊத்தின மாடில்டா?"

"எத?"

"உப்புக் கரிக்குது."

அவள் தலையைக் குனிந்தாள். "செல்லன் கால்ல குண்டு பட்டுச்சே, அப்பக் கொஞ்சூண்டுதான். நெத்தில தொட்டு வெச்சா வெளிய மட்டுந்தான் காவல், உள்ள இருக்கணும்னு தோணிச்சு. அப்புறம் கெட்ட சேதி வந்தா மட்டுந்தான். காரு நிக்குதுன்னு நீங்க சொல்லவும், பத்தலன்னு கொஞ்சம் கூட்டிட்டேன். இன்னைக்கு… இன்னைக்கு அரப் போத்தல்."

இருசப்பன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கரண்டு கோளாறே இல்லையா? அடேய் மச்சான், பெட்ரோல் டேங்குக்கு ஞானஸ்நானம் பண்ணி வெச்சிருக்காடா எந்தங்கச்சி." தரையில் உட்கார்ந்து சிரித்தான். படுத்துச் சிரித்தான்.

"சிரி," என்றான் சூசைமுத்து. "ஆனா தண்ணி மஞ்சளா இருந்துச்சே, அது யாரு வீட்டு மஞ்சள்?"

இருசப்பன் பெண்டாட்டி லெட்சுமி இரண்டடி பின்னால் போனாள். "அண்ணி அழுதுச்சுண்ணே. போத்தல் காலியாயிடுச்சு, அடுத்த பெரிய சனிக்கெழமைக்கு எத்தினியோ மாசம் இருக்குன்னு. அதான் நம்ம மாரியாத்தா கோயில் மஞ்சத் தண்ணி ஒரு சொம்பு கலந்து குடுத்தேன்."

இருசப்பன் சிரிப்பு பாதியில் நின்றது, கரடி மேட்டில் கறுப்பி நிற்கிற மாதிரி.

"என் உசுரே போவப் பாத்துச்சுடி," என்றான் சூசைமுத்து மாடில்டாவிடம். சத்தம் போட நினைத்தான், பெட்ரோல் தொண்டையை அறுத்துவிட்டிருந்தது.

மாடில்டா நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, குரலில் மட்டும் ஈரமில்லை. "ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. ஓடிக்கிட்டிருந்த லோரிய அங்க சுட்டாங்க. நீங்க எத்தினி தடவ அதே மேட்டுல மூடியத் தொறந்து வெச்சிக்கிட்டு, முதுகக் காட்டிக்கிட்டு நின்னீங்க? ஒரு குண்டு வந்துச்சா?"

 சூசைமுத்துவுக்கு ஒரு விக்கல் வந்தது. யோசித்துப் பார்த்தான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நிலைகொள்ளாமல் அலைந்த கால்கள் இரண்டும் அப்போதுதான் ஓய்ந்தன. காரின் மண்காப்புத் தகட்டில் உட்கார்ந்தான்.

"சாப்பிட எதாச்சும் இருக்கா?" என்றான்.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்க் கறுப்பியின் முன்பக்க மூடியைத் திறந்தான். ரேடியேட்டர் மூடியையும் திறந்தான். மாடில்டாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இங்க பாரு. இதான் இது தண்ணி குடிக்கிற வாய். உள்ளதான் போவுது, இன்ஜின் பூராவும் சுத்தி வருது. எவ்ளோ வேணாலும் ஊத்து. பின்னால இருக்கிற வாய்ப் பக்கம் மட்டும் போயிராத தாயி."

மாடில்டா போத்தலில் மிச்சமிருந்ததை ஊற்றினாள். லெட்சுமி ஓடிப்போய்ச் சொம்போடு வந்து அவள் பங்கையும் ஊற்றினாள். வேப்பிலையை மட்டும் சூசைமுத்து எடுத்துப் போட்டான்.

இருசப்பனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ஏன் மச்சான், மேட்டுல ஏறும்போது ரேடியேட்டர் கொதிச்சுப் பொங்கிருச்சுன்னா?"

சூசைமுத்து மூடியைத் திருகினான்.

"பொங்கட்டும். காட்டுப் பக்கமும் ரெண்டு சொட்டு தெளிச்ச மாரி இருக்கும்."